வீட்டுக்காரம்மாவுக்கு மூன்று கிலோ கூடியது

அக்காவை விமான நிலைய வாசலில் நிறுத்திவிட்டுத்தான் போன வாரம் நாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். பாவம், ஏழு நாளாகப் பெட்டியும் கையுமாக அங்கேயே நிற்கிறாள். முதலில் அவளை உள்ளே அனுப்பிவிடுவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டே வரி. அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அப்பா ஆரம்பித்த கடை, இருபத்தாறு வருடமாக அக்கா நடத்துகிற கடை. தம்பி கடைக்கு ஆள் பிடிப்பான், பேசுவான், சிரிப்பான். தராசைத் திறக்கச் சொன்னால் மட்டும் அவனுக்கு வெளியே அவசர வேலை வந்துவிடும். தம்பி மனைவிக்கு 'முள்ளு' என்று பட்டப்பெயர், மாமனார் வைத்தது. அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பது தராசு முள் மாதிரி பளிச்சென்று தெரிந்துவிடுமாம்.

கடல் தாண்டி ஓர் ஊரில் இருக்கும் தராசுத் தொழிற்சாலை ஒன்று அக்காவைக் கூப்பிட்டிருக்கிறது. வெளியே போகும் தராசுகளைக் கடைசியாகச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை, இரண்டு வருடத்துக்கு. இரண்டே வரி என்றேன், எங்கேயோ போய்விட்டது. தொடர்கதை எழுதுகிறவர்கள் எண்ணிக்கையில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை.

இன்றைய தலைவலி இதுதான். கடையின் உரிமம் அக்கா பெயரில் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க இன்றே கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். உரிமம் வைத்திருப்பவர் உள்ளூரில் இருந்தாக வேண்டும். அக்கா அங்கேயே தங்கிவிட்டால் வேறு பெயர் போட வேண்டும். வேறு பெயர் போட்டால், அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு மாதத்துக்குள் தேர்வுக்குப் போக வேண்டும். அதிகாரிக்கு முன்னால் ஒரு தராசைப் பிரித்துச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

தம்பி இரண்டு தடவை அந்தத் தேர்வுக்குப் போயிருக்கிறான். முதல் தடவை ஒரு திருகாணி மிச்சமானது. இரண்டாவது தடவை ஒரு திருகாணி குறைந்தது.

"அங்க போய் ரூமைப் பாத்துட்டு நாலு மணிக்கு போன் பண்றேன்டா" என்று அக்கா சொல்லியிருந்தாள். "இருக்க முடியும்னா உன் பேரைப் போட்டுக்கோ. முடியாதுன்னா என் பேரே இருக்கட்டும், ஒரு வாரத்துல திரும்பி வந்துடறேன்."

பெயர் எழுதும் இடம் காலியாக, விண்ணப்பம் கடை மேஜையில் கிடக்கிறது. அக்கா திரும்பி வந்துவிட வேண்டும் என்று தம்பி தெரிந்த கடவுள்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். அது பாசம் என்று அவனே நம்புகிறான்.

---

காலை ஆறு மணி. பெட்டியை வாங்கிக்கொள்ளும் கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"இருபது கிலோ நானூறு கிராம் மேடம். இருபதுதான் கொண்டு போகலாம். எதையாவது எடுத்துடுங்க."

"என் பெட்டி இருபது கிலோம்மா. ஒரு கிராம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அக்கா சும்மா சொல்லவில்லை. முந்தின நாள் கடையின் பெரிய தராசில் பெட்டியை ஏற்றி, கடைசியாக ஒரு கைக்குட்டையை உள்ளே போட்டு, சரியாக இருபதில் கொண்டுவந்து நிறுத்தியவள் அவள்.

"மெஷின் தப்பா காட்டாது மேடம்."

இந்த வார்த்தையை அந்தப் பெண் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள். பெல்ட்டில் இப்போது ஒன்றும் இல்லை. திரையில் நானூறு கிராம் அப்படியே நின்றது.

"வெறும் பெல்ட்டே நானூறு காட்டுது பாரு. காத்தையா நான் ஏத்திக்கிட்டுப் போறேன்?"

அதோடு விட்டிருக்கலாம். அக்கா கைப்பையிலிருந்து ஒரு பித்தளை எடைக்கல்லை எடுத்து பெல்ட்டில் வைத்தாள். அரை கிலோ கல், அரசாங்க முத்திரை குத்தியது. திரையில் தொள்ளாயிரம் வந்தது.

பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்ன செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவர், "அப்ப என் செருப்பு?" என்றார். எடையைக் குறைப்பதற்காக இரண்டு ஸ்வெட்டரை மேலுக்கு மேல் போட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்டியவர், ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். கவுண்டரைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "அம்மா, நீங்க முதல்ல உள்ள போங்க. ஜன்னல் சீட்டே போட்டுத் தர்றேன்."

"சீட்டு இருக்கட்டும். பெல்ட்டுக்கு அடியில என்னமோ சிக்கியிருக்கு. இன்னிக்கே பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா நகர்ந்தாள்.

ஆனால் பாதுகாப்புச் சோதனையில் அதே எடைக்கல் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இது என்னம்மா?" என்றார் காவலர்.

"அரை கிலோ."

"அரை கிலோ என்ன?"

"அரை கிலோதாங்க."

"அதான், எது அரை கிலோ?"

"எதுவும் இல்லைங்க. வெறும் அரை கிலோ."

காவலர் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். அவருக்கும் அரை கிலோவாகத்தான் பட்டது. "இதால யாரையாவது அடிச்சா என்ன ஆகும்?"

"கல்லு தேஞ்சு எடை குறைஞ்சிடும். தெரிஞ்சவங்க யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?"

காவலரின் கவலை வேறாக இருந்ததால் கல்லை விடவில்லை. அக்கா வாசல் வரை திரும்பி வந்தாள். தம்பியும் முள்ளும் இன்னும் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் தம்பிக்கு முகமெல்லாம் பல்.

"திரும்பி வந்துட்டியா? அதுதான் நல்லது. வண்டி ரெடியா நிக்குது, வா."

"போடா. இதை உள்ள விடமாட்டேங்கறாங்க."

தம்பி கையை நீட்டினான். அக்கா கல்லை முள்ளுவிடம் கொடுத்தாள். "நீ வச்சுக்கோம்மா. வெறுங்கையால தொடாதே, துணியால பிடி."

"எனக்குத் தெரியாதா அண்ணி" என்றாள் முள்ளு. அவள் கண் கலங்கியிருந்தது. தம்பி நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

---

விமானத்தில் பணிப்பெண் செய்துகாட்டிய பாதுகாப்பு விளக்கத்தை முழுதாகக் கவனித்தது அக்கா ஒருத்திதான். முடிந்ததும் கையைத் தூக்கி, "அந்த மஞ்சள் சட்டை தண்ணியில எத்தனை கிலோ வரைக்கும் தாங்கும்?" என்று கேட்டாள். கேட்டு வந்து சொல்கிறேன் என்று போன பணிப்பெண், தண்ணீர் கொடுக்கக்கூட அந்த வரிசைப் பக்கம் தலைகாட்டவில்லை.

மேகத்துக்கு மேலே போனதும் அக்காவின் துணிச்சல் இறங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் தனியாகப் போன இடம் மிஞ்சிப்போனால் மார்க்கெட். அங்கேயும் பத்துப் பேர் கூப்பிட்டுப் பேசுவார்கள். 'நாம என்ன பைத்தியக்காரத்தனம் பண்ணிக்கிட்டிருக்கோம்?' என்று இருந்தது. திரும்பும் டிக்கெட் கைப்பையில் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை தன் மேலேயே எரிச்சல் வந்து பையை மூடி காலுக்கடியில் தள்ளினாள்.

இறங்கியதும் பயப்பட நேரம் கிடைக்கவில்லை. தொழிற்சாலை அலுவலகப் பெண் வழி எழுதி அனுப்பியிருந்தாள். ரயில், ஏழாவது நிறுத்தம், இரண்டாவது வாசல், பழக்கடை தாண்டி உயரமான கட்டிடம், பத்தாவது மாடி. அக்கா சரியான ரயிலில்தான் ஏறினாள், ஆனால் எதிர்த் திசையில். மூன்று நிறுத்தம் போன பிறகுதான் தெரிந்தது. இறங்கி, மாறி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள்.

தெருவில் எல்லாப் பலகையிலும் அவளுக்குத் தெரியாத எழுத்து. யார் பேசுவதும் புரியவில்லை. பழக்கடையில் ஒரு தராசு இருந்தது. அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி கால் தானாக நின்றது.

தராசின் நான்கு கால்களில் ஒன்று தரையில் படவில்லை. அக்கா கடையைத் தாண்டிப் போனாள். பத்தடி போயும் மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, ஒரு காகிதத்தை நான்காக மடித்து அந்தக் காலுக்கு அடியில் சொருகினாள். கடைக்காரர் தராசைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஓர் ஆரஞ்சை எடுத்து அவள் கையில் வைத்தார். அந்த ஊரில் அவள் வாங்கிய முதல் சம்பளம் அது.

---

கடையில் மணி ஒன்று. தம்பி விண்ணப்பத்தை மேஜையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி வைத்தான்.

"இவ்வளவு நேரமா போனே வரலையே. என்ன அர்த்தம்?"

"நாலு மணிக்குன்னு சொன்னாங்க. மணி ஒண்ணு. அதுதான் அர்த்தம்" என்றாள் முள்ளு.

அவள் ஒரு நகைக்கடைத் தராசைப் பிரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். பத்து வருடமாகக் கடைக்கு வரும் தராசை முதலில் திறப்பவள் அவள்தான். கடைசியாகப் பார்த்து மூடுபவள் அக்கா. நடுவில் தம்பி டீ வாங்கி வருவான்.

"அக்காவுக்கு அங்க பிடிக்காது. தனியா இருந்து பழக்கமே இல்ல."

"உங்களுக்குப் பிடிக்காதுன்னு சொல்லுங்க. தேர்வுன்னதும் காலையிலேருந்து நாலு தடவை பாத்ரூம் போயிட்டீங்க."

"அது வேற."

"அந்தத் திருகாணியை எடுங்க."

தம்பி எடுத்துக் கொடுத்தான். முள்ளு நிமிரவே இல்லை. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இல்லைங்க, சின்னது" என்றாள்.

---

வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தாள். உருண்டையான, சுறுசுறுப்பான பெண். முன்னறையில் அவள் குடியிருந்தாள், பின்னறையை வாடகைக்கு விட்டிருந்தாள், குளியலறை இருவருக்கும் பொது. அவள் தன் பாஷையில் செல்போனிடம் பேசினால், போன் அதைத் தமிழாக்கிப் பேசியது. நியூஸ் படிக்கிற குரல், பாடப்புத்தகத் தமிழ்.

"இங்கே சமைக்கலாம்" என்றது போன். "இங்கே குளிக்கலாம். இங்கே அழுதல் கூடாது. சுவர் மெல்லியது. முன்பு இருந்தவர் தினமும் அழுதார்."

"நான் அழமாட்டேங்க" என்றாள் அக்கா, கொஞ்சம் யோசித்துவிட்டு.

ஒரு காகிதத்தில் வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட வேண்டும், இந்தப் பெண் என் வீட்டில்தான் இருக்கிறாள் என்று. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதைக் கொண்டுபோனால்தான் வேலை. அது இல்லாவிட்டால் இந்த ஊரில் இருக்கவே அனுமதி கிடையாது, திரும்பும் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"ஒரு மணி நேரம் கழித்துக் கையெழுத்து இடுகிறேன். முதலில் இளைப்பாறுங்கள்" என்றது போன்.

கதவு மூடியது. கட்டில், மேஜை, ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இன்னும் பத்துக் கட்டிடம். அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அவளை 'அக்கா' என்று கூப்பிட அந்த ஊரில் ஒருத்தரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று எழுந்து முகம் கழுவப் போனாள்.

குளியலறையில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது, ஏறி நின்றால் முள் ஓடுகிற பழைய மாதிரி. அதற்கு மேலே சுவரில் ஒரு காகிதம், காகிதம் நிறையப் பென்சிலால் தேதியும் எண்ணும். அறுபத்தொன்று, அறுபத்தொன்றரை, அறுபத்திரண்டு. வீட்டுக்காரம்மா தினமும் தன் எடையை எழுதி வைக்கிறாள் என்று புரிந்தது. கட்டாகத் தொங்கிய பழைய காகிதங்களைப் பார்த்தால் ஆறு வருடம் இருக்கும்.

அக்கா ஏறி நின்றாள். ஐம்பத்தைந்து.

நேற்றுத்தான் கடையில் ஐம்பத்தெட்டு. ஒரு விமானப் பயணத்தில் மூன்று கிலோ இளைக்கும் என்றால் உலகத்தில் பாதிப் பேர் கீழே இறங்கவே மாட்டார்கள். அக்கா தன் பெட்டியை இழுத்து வந்து ஏற்றினாள். இருபது கிலோ பெட்டி பத்தொன்பது காட்டியது.

'ஐயோ பாவம், இத்தனை வருஷமா இந்தம்மா தப்பா எழுதிக்கிட்டிருக்கே' என்று அவள் மனசு இளகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வந்திருப்பார்கள். அக்கா பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். மெஷினைக் குப்புறக் கவிழ்த்து, துருப்பிடித்த அடித்தட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த திருகாணியை இரண்டு சுற்று முடுக்கினாள். பெட்டி இருபது. அவள் ஐம்பத்தெட்டு. முள் போய் நின்ற அழகைப் பார்த்து, அந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அரை மணி நேரம் கழித்துக் குளியலறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

---

வீட்டுக்காரம்மா ஒரு நிமிடம் விடாமல் கத்தினாள். கையை ஆட்டினாள், மெஷினைக் காட்டினாள், தன் இடுப்பைக் காட்டினாள். போன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"நான் சிறிது மகிழ்ச்சியற்று இருக்கிறேன்."

மறுபடியும் கத்தல்.

"காலையில் நான் அறுபத்திரண்டு. இப்போது அறுபத்தைந்து. இடையில் நான் ஒரு பிஸ்கட் மட்டுமே உண்டேன்."

அக்கா போனிடம் குனிந்து நிதானமாகச் சொன்னாள். "நீங்க கூடலைங்க. மெஷின்தான் வாங்கின நாள்லேருந்து மூணு கிலோ குறைச்சுக் காட்டியிருக்கு. நான் சரி பண்ணிட்டேன்."

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். இதுதான் அக்கா.

வீட்டுக்காரம்மா சுவரில் இருந்த ஆறு வருடக் காகிதங்களைப் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று. போனிடம் மெதுவாகப் பேசினாள்.

"பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள்."

"தப்பாவா?"

"ஆம். தயவுசெய்து தவறாக. பிறகு கையெழுத்து இடுகிறேன். இல்லையேல் இடமாட்டேன்."

இரண்டு சுற்று. அவ்வளவுதான் வேலை. முடுக்கியதைத் தளர்த்தினால் கையெழுத்து, அறை, உத்தியோகம். அக்கா ஸ்க்ரூடிரைவரைத் திருகாணியில் வைத்தும்விட்டாள். கை திரும்பவில்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ வியாபாரிகள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். தெரிந்தே ஒரு தராசைக்கூட அவள் கெடுத்ததில்லை.

"பத்து நிமிஷம் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா! எப்படி இருக்கு? பிடிக்கலைதானே?" என்றான் தம்பி.

அக்கா நடந்ததைச் சொன்னாள். தம்பி முழுதும் கேட்டான். கேட்கக் கேட்க அவன் குரலுக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

"அக்கா, திருப்பாதே! உயிரே போனாலும் அந்தத் திருகாணியைத் தொடாதே. நம்ம அப்பா பேர் என்ன ஆகறது? நேர்மைதான் நமக்கு முக்கியம். பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பி வா!"

"இந்த வீராப்பு எங்கேருந்து வந்துச்சு?" என்று முள்ளுவின் குரல் கேட்டது. "போன மாசம் ஒருத்தர் பத்து கிராம் தள்ளி வைக்கச் சொன்னப்ப 'பாக்கலாம் சார், பாக்கலாம் சார்'னு நெளிஞ்சது யாரு? அண்ணி இங்க வந்துட்டா உங்களுக்குத் தேர்வு இல்ல. அதுக்குத்தானே இந்த நேர்மை?"

"போனை அவகிட்ட குடுடா" என்றாள் அக்கா. "நீ சொல்லும்மா. எனக்கு இந்த வேலை வேணும். என்னவோ தெரியல, ரொம்ப வேணும்னு இருக்கு. ஆனா இதைக் கெடுத்துட்டுப் போயி நாளைக்கு அங்க எந்தக் கையால கையெழுத்துப் போடறது?"

"திருப்பாதீங்க அண்ணி. கிளம்பியும் வராதீங்க."

"அப்புறம்?"

"நம்ம மளிகைக்கடைக்காரர் குதிச்சாரே, மறந்துட்டீங்களா? அவர் தராசு தப்புன்னதும் என்னா கத்து கத்தினாரு. எதிர்க்கடைத் தராசும் தப்புன்னு காட்டின பிறகுதானே அடங்கினாரு. தராசு தப்பா இருக்கறது யாருக்கும் பெரிசில்ல அண்ணி. நம்மளுது மட்டும் தப்புன்னாதான் தாங்க முடியறதில்ல. அந்தம்மாவுக்கு எதிர்வீடு இருக்கும்ல?"

அக்கா போனை வைத்துவிட்டு வீட்டுக்காரம்மாவிடம் போனாள். "இதே மாதிரி மெஷின் இந்தக் கட்டிடத்துல வேற யார்கிட்ட இருக்கு?"

போன் அதை அவள் பாஷையில் சொன்னது. வீட்டுக்காரம்மாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"எதிர்வீட்டில்" என்றது போன். "ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினோம். தினமும் லிஃப்டில் தன் எடையைச் சொல்லுவாள். நான் கேட்பதில்லை. ஆயினும் சொல்லுவாள்."

---

அக்கா இருபது கிலோ பெட்டியை உருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள். எதிர்வீட்டம்மா ஒல்லியாக, நெட்டையாக இருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"உங்கள் வாடகையாளர் ஏன் என் வீட்டில் குடியேறுகிறார்?" என்று போன் விசாரித்தது.

இந்தத் தடவை அக்கா கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தாள். எதிர்வீட்டம்மா அலட்சியமாகத் தலையசைத்தாள். "செய்யுங்கள். எனக்கு அச்சமில்லை."

பெட்டி பத்தொன்பது காட்டியது. அக்கா மெஷினைக் கவிழ்த்தாள், இரண்டு சுற்று முடுக்கினாள், நிமிர்த்தி வைத்தாள். பெட்டி இருபது. எதிர்வீட்டம்மா ஏறினாள். ஆறு வருடமாக ஐம்பத்துநாலு. முள் ஓடிப் போய் ஐம்பத்தேழில் நின்றது.

வீட்டுக்காரம்மா சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். போன் கொஞ்ச நேரம் முயன்று பார்த்தது. "மொழிபெயர்க்க எதுவும் இல்லை" என்று கைவிட்டது.

எதிர்வீட்டு ஃப்ரிட்ஜ் கதவின் மேலேயே காகிதத்தை வைத்து வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட்டாள். எதிர்வீட்டம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பன்னிரண்டாவது மாடிக்கு லிஃப்டை அழுத்திக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒரு மெஷின் இருக்கிறதாம்.

அக்கா ஸ்க்ரூடிரைவரைப் பையில் போடப் போனவள், நின்றாள். மெஷினை மறுபடி கவிழ்த்தாள். அடித்தட்டில் வட்டமாக ஒரு முத்திரை. முதல் மெஷினில் துரு மறைத்திருந்தது, இதில் பளிச்சென்று இருந்தது. அவள் கைப்பையைத் திறந்து வேலைக்கான கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே வட்டம், அதே எழுத்து. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் போய்ச் சேரப்போகும் தொழிற்சாலையில் செய்த மெஷின் அது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் காலையிலிருந்து இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. போனை எடுத்தாள்.

"தம்பி, நான் இங்கேயே இருக்கேன்டா. இங்க எனக்கு நிறைய வேலை இருக்கு. பேரை எழுதிடு."

---

உரிம அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. மணி நாலே முக்கால். தம்பி விண்ணப்பத்தை அலுவலகச் சுவரோரம் இருந்த சாய்வு மேஜையில் விரித்து, பேனா மூடியைத் திறந்தான். எழுதவில்லை. மூடினான். திறந்தான்.

"எழுதுங்க, நேரம் ஆகுது."

"எழுதறேன்." இன்று முழுக்க அவன் சொன்னதில் உண்மையான ஒன்றே ஒன்று அப்போதுதான் வாயில் வந்தது. "எனக்கு முடியாதுடி. மூணாவது தடவையும் அந்த ஆள் முன்னாடி நின்னு முழிக்க முடியாது. எனக்கு அந்த வேலை வராது. அக்காவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரிஞ்சிருந்தது."

முள்ளு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்றாள். அவன் விரலுக்கிடையில் இருந்த பேனாவை மெதுவாக உருவிக்கொண்டாள்.

பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி, அழகாக எழுதினாள். அனுபவம் என்ற இடத்தில் பத்து வருடம் என்று எழுதினாள். கீழே இன்னும் ஒரு கட்டம் இருந்தது. அதையும் நிரப்பிவிட்டு, அவன் எட்டிப் பார்ப்பதற்குள் ஜன்னலுக்குள் நீட்டிவிட்டாள்.

தம்பியின் போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து வந்திருந்தது: 'எழுதிட்டியா? நல்லா படி. நீ பாஸாயிடுவே.' அவன் அதைப் படித்தான். பதில் போடாமல் பையில் வைத்துக்கொண்டான்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி விண்ணப்பத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். கண்ணாடியைத் தூக்கி முள்ளுவைப் பார்த்தார். தேர்வுத் தேதியைக் குறித்து ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"சரிம்மா. உதவியாளர்னு ஒருத்தர் பேர் போட்டிருக்கீங்களே, அவர் வந்திருக்காரா?"

தம்பி கையைத் தூக்கினான்.